குறிப்பேட்டில் இல்லாதவர்கள்

(வானொலி மறையுரை)



வானத்துப் பறவைகளை உற்றுநோக்கச் சொன்னார் நம் ஆண்டவர். கடந்த ஓராண்டாக அதை அப்படியே செய்து பார்த்தேன். வாரம் ஒருநாள், காலைத் திருப்பலி முடிந்ததும், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்று, கண்ட பறவைகளைக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன்.

சனவரியில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றுநீரை வடிகட்டி உண்ணும் பறவை அது. கரையோரச் சேற்றில் உள்ளான்கள். தொலைதூரச் சைபீரியாவிலிருந்து வந்தவையும் அவற்றுள் உண்டு. சற்று ஆழத்தில் கூழைக்கடாக்கள் பை போன்ற அலகால் மீனை அள்ளின. கால் உயரம் வேறு, அலகின் நீளம் வேறு. ஆகவே ஒரே ஏரியில் எல்லாவற்றுக்கும் இரை கிடைக்கிறது. கோடையில் நீர் வற்ற, பெரும்பாலானவை போய்விட்டன. ஐப்பசி மழைக்குப் பின் மீண்டும் வந்தன.

ஆண்டு முடிவில் குறிப்பேட்டைப் புரட்டினேன். பறவைகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் பூநாரைகள் நின்ற அதே தண்ணீரில் வாரந்தோறும் உட்கார்ந்து, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்த இருளர் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் அருகே வந்தால் பறவைகள் கலைந்துவிடுமே என்று நான் சலித்துக்கொண்டதும் உண்டு.

நம் குப்பங்களில் பாடு முறை இருக்கிறது. சீட்டுப் போட்டு, முறைவைத்து, வலை விரிக்கும் இடத்தைப் பகிர்ந்துகொள்கிறோம். ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிவிடக் கூடாது என்று முன்னோர் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்தச் சீட்டில் இருளர் பெயர் இல்லை. படகும் வலையும் இல்லாதவர்களுக்குக் கரையோரத் தண்ணீர்தான் மிச்சம். சிறுகண்ணி வலையால் அங்கேயும் நாம் அரித்தெடுத்தால், அவர்கள் வெறுங்கையோடு கரையேற வேண்டியதுதான்.

அறுவடையின்போது வயலோரத்தை ஏழைகளுக்கு விட்டுவிடச் சொல்கிறது லேவியர் நூல். நமக்கு வயல் இல்லை, ஏரி இருக்கிறது. ஏரிக்கும் ஓரம் உண்டு.

சென்ற வாரம் அந்தப் பெண்களில் ஒருவரிடம் முதன்முறையாகப் பெயர் கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டு, "சாமி, உங்க நாரையெல்லாம் இன்னிக்கு அந்தாண்ட போயிருக்கு" என்று கையை நீட்டிக் காட்டினார். ஓராண்டாக நான் அவரைப் பார்க்கவில்லை; அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பறவைகளைக் காட்டிய ஆண்டவர் அவற்றோடு நிறுத்தவில்லை. மனிதரின் மதிப்பு அவற்றைவிடப் பெரிது என்பதைச் சொல்லத்தான் அவற்றைக் காட்டினார். நாளை வலையோடு புறப்படும்போது, அந்த ஓரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். அவர் பெயரையும் கேளுங்கள். ஆமென்.