வலிப்பு மாத்திரையும் வைட்டமின் டி-யும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உப்பு விளையும் ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று பலர் கேட்கிறீர்கள். குறையும். உப்பளத்தில் நிற்பவர் மேல் படும் வெயிலா வீட்டிலும் காரிலும் இருக்கும் நம் மேல் படுகிறது? திருப்பதியில் நடந்த ஆய்வுகளிலும் வயலில் உழைத்தவர்களைவிட நகரவாசிகளுக்கே அளவு குறைவு. முத்துநகர் கடற்கரையில் காலை 6 மணிக்கு நடப்பது நல்லதுதான்; நடக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இளவெயிலில் வைட்டமின் டி அவ்வளவாகக் கிடைக்காது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலும் உதவாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில் வேண்டும்.

முக்கியமாக, வீட்டில் வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் இருந்தால் கவனியுங்கள். பெனிட்டாயின், பீனோபார்பிட்டோன், கார்பமசிபைன் போன்ற பழைய மருந்துகள் கல்லீரலைத் தூண்டி வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைக்க வைக்கும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு பலவீனமாகும்; வலிப்பு வந்து விழும்போது எளிதில் முறியும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய ஆபத்து. '25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி' ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள். பக்கவாதத்தால் வெளியே வர முடியாதவர்களுக்கும், பார்க்கின்சன் நோயால் தடுமாறுபவர்களுக்கும் இதையே கேட்கலாம்.

மற்றபடி, நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பவர்கள் 'ஃபுல் பாடி செக்கப்' சலுகையைப் பார்த்து இந்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்வில், தினமும் 2,000 யூனிட் சாப்பிட்டும் பக்கவாதமோ மாரடைப்போ குறையவில்லை.

நான் அதிகம் பயப்படுவது 60,000 யூனிட் மாத்திரையைப் பார்த்துத்தான். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று சாப்பிட்டுவிடுகிறார்கள். 70 வயதைக் கடந்தவருக்கு ஒரு நாள் தேவை 800 யூனிட்; அந்த ஒரு மாத்திரையில் 75 நாள் அளவு இருக்கிறது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும். ஏற்கெனவே மறதியோ பக்கவாதமோ உள்ளவரிடம் அந்தக் குழப்பத்தை, 'நோய் முற்றிவிட்டது' என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். அப்படித் தோன்றினால் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். கால்சியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதே சாப்பிடுபவர்கள், இன்று வீட்டுக்குப் போனதும் அட்டையின் பின்புறம் கிழமையைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.