கிழவன் என்னும் உரிமைச்சொல்



ஆங்கிலத்தில் 'எல்டு' என்றொரு பழஞ்சொல் உண்டு. முதுமை, பண்டைக்காலம் ஆகிய இரண்டையும் அவ்வொரு சொல்லே குறித்தது. 'யோர்' என்பதும் பண்டை நாளையே குறிக்கும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அகவைக்கும் தொன்மைக்கும் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்து நிலைத்தன. எல்டும் யோரும் இன்று பாட்டிலும் பழங்கதையிலுமே ஒதுங்கிக் கிடக்கின்றன. ஆயினும் அவை வழக்கிழந்தனவேயன்றி வசையாகவில்லை. 'கிழவன்' என்னும் தமிழ்ச்சொல்லுக்கு நேர்ந்ததோ அதனினும் கொடிது.

கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கு உரிய நாள். தொல்காப்பியம் கூறும் கிழவனும் கிழத்தியும் நரைத்தவரல்லர். காதல் வாழ்வுக்குரிய தலைவனும் தலைவியும் ஆவர். நிலத்துக்கு உரியவன் கிழான். உயர்வு கருதிக் கிழார். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் எனக் கழகக் காலப் புலவர் பலர் அதனை ஊர்ப்பெயரோடு தாங்கினர். 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் பெயரிலும் அதுவே நிற்கின்றது. அவர் பிறந்த குன்றத்தூர் இதே காஞ்சி மாவட்டத்து ஊரன்றோ?

வீட்டுக்கும் நிலத்துக்கும் உரியவர் பெரும்பாலும் மூத்தவரே. அதனாற்போலும் உரியவனைக் குறித்த சொல் மூத்தவனைக் குறிக்கலாயிற்று. அதுவரை குறையொன்றுமில்லை. பின்னர் 'வயோதிகர்', 'விருத்தர்' என்னும் வடசொற்கள் அவையேறின. வந்த சொல் மதிப்புச்சொல்லாயிற்று. இருந்த சொல் ஏச்சாயிற்று. பேரன் பாட்டனைக் 'கிழம்' என்று ஏசுகின்றான். வீட்டுக்கு உரியவர் என்றே தான் சொல்லுவதை அவன் அறியான்!

அகவைச் சொல்லும் இவ்வாறே இடமிழந்தது. சான்று அருகிலேயே உள்ளது. உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்து 919-ஆம் ஆண்டு ஏற்பாடு, வாரியப் பொறுப்புக்கு உரியவர் 30 அகவைக்கு மேல் 60-க்குள் இருத்தல் வேண்டும் என்றது. ஈராண்டு கழித்து, 921-இல், அது 35-க்கு மேல் 70-க்குள் என மாறிற்று. மூத்தோர் பட்டறிவின் அருமையை உணர்ந்தனர் போலும்! ஆனால், குடவோலை என்று தமிழில் வெட்டிய அதே கல்லில் அகவைக்கு வெட்டப்பட்ட சொல் 'பிராயம்'. அது நான்மறையாளர்க்கு அளிக்கப்பட்ட ஊராதலின் வியப்பில்லை.

1962-இல் சென்னை மாநில அரசு தொடங்கிய திட்டத்துக்கு 'முதியோர் உதவித்தொகை' என்னும் நல்ல தமிழ்ப்பெயர் வழங்குகின்றது. அத்தொகை பெறும் மூதாட்டியோ 'ஓ.ஏ.பி. பணம்' என்கின்றார். குற்றம் அவருடையதன்று. அலுவலகத்தில் அவர் செவியில் விழுந்த சொல் அதுவே.