குத்தகை யார் பேரில்?



இன்று பட்டம் வாங்கும் உங்களில் பலர் ஊரக மேம்பாட்டுத் திட்டங்களில் வேலைக்குப் போகப்போகிறீர்கள். அதனால் புதுக்கோட்டையைப் பற்றிப் பேசுகிறேன்.

1991-ல் அந்த மாவட்டத்தில் எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கி, நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டிய பெண்களை எப்படிச் சொல்லாமல் இருப்பது?

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கல்குவாரி. பாறையில் ஜல்லி உடைத்தவர்கள் நிலமில்லாத ஏழைகள். தலித் பெண்கள் ஏராளம். குத்தகையோ கான்ட்ராக்டர் பேரில். முன்பணம் வாங்கிய குடும்பம் கடன் தீரும்வரை இடம்பெயர முடியாது. கணக்கு நோட்டு கான்ட்ராக்டர் கையில் இருக்கும்போது கடன் எங்கே தீரும்? மாவட்ட நிர்வாகம் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. அதே பாறை, அதே சம்மட்டி, அதே வெயில். லோடுக்கு என்ன விலை என்பதை மட்டும் இப்போது அந்தப் பெண்களே சொன்னார்கள். வருமானம் கூடியது. எத்தனை லோடு போயிற்று என்று எழுதிவைக்க வேண்டியிருந்ததால், அறிவொளியில் படித்த எழுத்துக்கும் வேலை வந்தது.

பழைய கான்ட்ராக்டர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியது. கலெக்டர்கள் மாறுவார்கள், குத்தகைக்குக் காலக்கெடு உண்டு. ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போய்விடலாம். நம் திட்டங்களின் பலவீனம் இங்கேதான் என்பது என் எண்ணம்.

சேமித்துக் கடன் வாங்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களையும் பாருங்கள்: 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய அவை இன்று தமிழகம் முழுக்க இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் கந்துவட்டிக்காரர் இன்னும் கொழுத்திருப்பார். ஆனாலும் விழா மேடையில் ஆளுயர அட்டைக் காசோலையைப் பிடித்துப் படமெடுப்பதை (எனக்கு அந்த அட்டையைக் கண்டாலே எரிச்சல்) முன்னேற்றம் என்று எழுதிவிடுகிறோம். அது கடன். திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

வேலைக்குப் போன முதல் வாரமே காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். குத்தகையோ பட்டாவோ யார் பேரில்? வங்கியில் கையெழுத்துப் போடுவது யார்? தீர்மானப் புத்தகத்தை எழுதுவது குழுவிலிருப்பவரா, திட்ட ஊழியரா? எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்ற கட்டத்தை அலுவலகமே நிரப்பிக்கொள்ளும். குத்தகை முடியும் தேதியை நீங்கள் எழுதிவையுங்கள். புதுப்பிக்கும் மனுவை, உங்களுக்கு மாறுதல் வருவதற்கு முன்பே அந்தப் பெண்களோடு உட்கார்ந்து தயார்செய்துவிடுங்கள்.