மலைப்பாதை எஞ்சினுக்கு ஒயில் பில்டர்



நம் மலையகத்தில், கினிகத்தேனையில் இருந்து ஹட்டனுக்கு ஏறும் வழியில் கொழுந்து லொறியோ, பள்ளிக்கூட வேனோ, பாரம் ஏற்றிய ஓட்டோவோ எந்தக் கியரில் போகிறது என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? பாதி வழி இரண்டாம் கியர், வளைவுகளில் ஒன்றாம் கியர். மீற்றரில் கிலோமீற்றர் மெதுவாகத்தான் ஏறும். எஞ்சினோ அதே தூரத்துக்குச் சமவெளி வண்டியைவிடப் பல மடங்கு சுழன்றிருக்கும். அதற்கேற்ப ஒயிலும் சீக்கிரம் கருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம்முடைய பழைய எஞ்சின்கள்தான் தோட்டத்தையும் டவுனையும் இணைத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்றுகிற பொருள்களில் மிகவும் அலட்சியமாக வாங்கப்படுவது ஒயில் பில்டர். அதைத் தேர்ந்தெடுப்பது ஒரு கைத்திறன் என்றே நான் மதிக்கிறேன்.

அமெரிக்கரான ஏர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் 1923இல் கார் எஞ்சினுக்கு ஒயில் பில்டரைக் கொண்டுவந்தார். இன்று நாம் திருகிப் பூட்டுகிற தகர டப்பாவுக்குள் இருப்பது மடிப்பு மடிப்பாக மடித்த வடிகட்டிக் கடதாசி. நம் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். அதைவிட மிகச் சிறிய துகளை இந்தக் கடதாசி பிடித்துவைக்க வேண்டும். கடதாசியின் பரப்பு கூடக்கூட, அது தாங்குகிற அழுக்கும் கூடும். மலிவான பில்டரில் முதலில் குறைவது இந்த மடிப்புகள்தான். வெளியே டப்பா அதே அளவுதான், பெயின்ட்டும் அதே பளபளப்புதான்.

ஆனால் நமது ஊருக்குக் கடதாசியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற இடம். இரவு முழுவதும் நின்ற எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது, குளிரில் தடித்த ஒயில் மேலே ஏறிச் சேரும்வரை உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. தேய்மானத்தில் கணிசமான பகுதி இந்தச் சில விநாடிகளில்தான். பக்கவாட்டிலோ வாய் கீழே பார்த்தபடியோ பூட்டிய பில்டரில் இருந்து இரவில் ஒயில் வடிந்துவிடாமல் தடுப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வால்வு. மட்டமான ரப்பர் சூட்டில் காய்ந்து இறுகிவிட்டால் பில்டர் காலியாகிவிடும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்ச நேரம் டக் டக் என்று சத்தம் வந்து அடங்கினால் பில்டரையும் சந்தேகப்படுங்கள். சிலிக்கோன் ரப்பர் குளிரிலும் சூட்டிலும் மென்மை குறையாது. விலை கொஞ்சம் கூடினாலும் மலைக்கு அதுதான் சரி. கடையிலேயே பில்டரின் சின்னத் துளைகள் வழியாகப் பார்த்தால் அந்த ரப்பர் தெரியும். சுருக்கமோ வெடிப்போ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு வால்வும் இருக்கிறது. ஒயில் தடித்தோ கடதாசி அடைத்தோ போனால், எஞ்சின் ஒயிலில்லாமல் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வடிகட்டாமலே ஒயிலை விடுகிற பைபாஸ் வால்வு. அது எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். அதனால்தான், "இதுவும் ஏறும், போட்டுப் பாருங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் நான் வாங்க மாட்டேன். மரையிலும் ஆபத்து உண்டு. சில எஞ்சின்களில் முக்கால் அங்குல மரை, சிலவற்றில் 20 மில்லிமீற்றர் மரை. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. மாறிப் பூட்டினாலும் பிடித்துக்கொண்டதுபோலத்தான் இருக்கும். ரம்பொடை ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது கழன்றால் ஒயில் முழுவதும் ரோட்டில்தான். ஆகவே வண்டியின் கையேட்டில் உள்ள பாட் நம்பரை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். பெட்டியில் உள்ள நம்பரும் டப்பாவில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்கிறதா, எழுத்து மங்கலாகவோ பிழையாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். போலி பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். பூட்டும்போது, பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். புதிய வளையத்தில் ஒயில் பூசி, கையாலேயே இறுக்கினால் போதும்.

கடைசியாக, நல்ல மெக்கானிக் பாஸ்மார் செய்கிற ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழற்றிய பில்டரை அவர்கள் அப்படியே வீச மாட்டார்கள். வெட்டித் திறந்து, கடதாசியை விரித்து, வெளிச்சத்தில் பார்ப்பார்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாத வெள்ளி நிறத் துகள் அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டன் பக்கத்தில் இருந்து வருவது. செம்பு நிறம் மின்னினால் பெயாரிங் தேய்கிறது. மடிப்புகள் நசுங்கியோ பசை விட்டோ கிடந்தால் குற்றம் பில்டர்மேல். அந்த வகையை மறுபடி வாங்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை மருத்துவருக்குச் சொல்வதைப் போல, இந்தக் கடதாசி எஞ்சினின் உள்நிலையைச் சொல்லிவிடும். எந்தப் பில்டர் தரமானது என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி எனக்குத் தெரியாது. பெட்டியின் வாசகமும் கடைக்காரரின் சிபாரிசும் இதற்குப் பிறகுதான்.

அடுத்த முறை ஒயில் மாற்றும்போது, உங்கள் பாஸிடம் பழைய பில்டரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பார்த்த பிறகு அதில் தங்கியிருக்கும் ஒயிலை ஒரு பாத்திரத்தில் வடித்து, பழைய ஒயில் சேர்க்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து ஓடையில் ஊற்றாதீர்கள். நம்முடைய கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகின்றன. கொழும்பு மக்கள் பெரும்பாலும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.