பழைய கார் எஞ்சினுக்கு எந்தப் பூச்சு?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செயலாளர் போன் பண்ணி, "உன் பழைய காரைப் பத்தி கால் மணி நேரம் பேசுப்பா" என்றார். காரைப் பற்றி முழுசாகப் பேச ஆரம்பித்தால் உங்கள் மத்தியான சாப்பாடு ஆறிவிடும். ஆகவே ஒரே ஒரு விஷயம்: எஞ்சின் பாகங்களுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது, என்ன முலாம் போடுவது. இதில் என்னய்யா இருக்கிறது, பளபளவென்று இருந்தால் சரி என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு எஞ்சினைக் கெடுத்தேன்.

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி போட்டுக் கொடுத்த வடிவம். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்தது. 948 சி.சி. எஞ்சின். இந்த வண்டிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மற்ற கார்களில் பானட் மட்டும் திறக்கும். இதில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின் கல்யாண மேடையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் தெரியும். அழுக்கை ஒளித்துவைக்க இடமில்லை. அதனால்தான் ஹெரால்டு வைத்திருப்பவனுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கிறது.

அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1979-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டியைத் துடைப்பார், நான் வாளி பிடிப்பேன். ரிட்டையர் ஆனபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பம் பக்கம் வீடு கட்டி, வண்டியை ஷெட்டில் விட்டார். அவர் காலமாகி இரண்டு வருஷம் கழித்து, 2011 டிசம்பர் 30, தானே புயல். டவுன்ஷிப் மரங்கள் எல்லாம் என்ன ஆயின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஷெட் கூரை வண்டிமேல் இறங்கியது. நான் வெளியூரில் இருந்தேன். வந்து பார்க்கும்போது எஞ்சின் முழுக்கத் துரு.

கழற்றினேன். டாப்பட் கவரை சாண்ட் பிளாஸ்டிங் செய்யக் கொடுத்தேன். வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தது. உடனே பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டேன். அந்தக் கவருக்கு உள்பக்கம், எண்ணெய் தெறிக்காமல் இருக்க ஒரு தகடு உண்டு. தகட்டின் பின்னால் மணல் தங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எஞ்சின் சூடானதும் எண்ணெய் அந்த மணலைக் கழுவிக் கீழே சம்ப்புக்குக் கொண்டுபோனது. நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, பியரிங் எல்லாம் கீறல் விழுந்து, கிராங்க்கையும் கிரைண்டிங் பண்ண வேண்டியதாயிற்று. பட்டறைக்காரர் மேல் தப்பில்லை. மாட்டுவதற்கு முன் கழுவிப் பார்க்க வேண்டியது நான்.

இன்னொரு இழப்பும் அதில் உண்டு. அந்தக் கவர்மேல் அப்பா வெள்ளை பெயிண்டில், தன் கையெழுத்தில் '1 3 4 2' என்று எழுதி வைத்திருந்தார். எந்த சிலிண்டருக்குப் பின் எது எரியும் என்ற வரிசை. மணலோடு அதுவும் போய்விட்டது. ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

இரண்டாம் தடவைதான் யோசித்து வேலை செய்தேன். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, "உனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். சைலன்சர் மேனிஃபோல்டு பல நூறு டிகிரி சூட்டில் இருப்பது. அதற்கு குரோம் போட்டால் மஞ்சளாகி, பிறகு நீலமாகிவிடும். பவுடர் கோட்டிங்கும் உதவாது. அதைப் பதப்படுத்துவதே 200 டிகிரி அளவில்தான். சூடு தாங்கும் பெயிண்டோ செராமிக் பூச்சோதான் அங்கே நிற்கும். ரேடியேட்டருக்கு மெல்லிய கறுப்பு போதும். மொத்தமாக அடித்தால் வண்டிக்குக் கம்பளி போர்த்திய கதைதான்.

மேனிஃபோல்டைவிட போல்ட்டுகள்தான் ஆபத்தானவை. சிலிண்டர் ஹெட் ஸ்டட், கனெக்டிங் ராடு போல்ட் மாதிரி உறுதியான எஃகுக்கு முலாம் போடும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். வெளியே வெள்ளி மாதிரி மின்னும். உள்ளே நொறுங்கும் குணம் வந்துவிடும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சுட்டு எடுக்க வேண்டும். செய்வார்களா என்று தெரியாவிட்டால் அந்த போல்ட்டுகளை அப்படியே எண்ணெய் தடவி விடுங்கள். நான் விட்டுவிட்டேன்.

பிராக்கெட்டுகளுக்கு பவுடர் கோட்டிங் போட்டேன். அழகோ அழகு! சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் 'டிக்' என்றதோடு சரி. அரை நாள் பேட்டரியைத் திட்டினேன். பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, எர்த் கிடைக்கவில்லை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு இது தெரியவேண்டாமா! எர்த் ஒயர் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் பிடித்துக்கொண்டது. கேஸ்கெட் உட்காரும் பரப்பையும் அதேபோல் மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

நம் லேபில் மயில்துத்தக் கரைசலில் இரும்புச் சாவியை முக்கியது நினைவிருக்கிறதா? நொடியில் சிவப்பாகும், விரலால் தேய்த்தால் வந்துவிடும். முலாம் பட்டறையிலும் அதே கதைதான். அலங்கார குரோம் அரை மைக்ரான்கூட இருக்காது. துருவைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கிற நிக்கல். அடிவேலையில் மிச்சம் பிடித்தால், சாம்பலும் ஈரமும் கலந்த நம்மூர்க் காற்றில் ஒரு மழைக்காலத்திலேயே கொப்புளம் கிளம்பும்.

குரோமைப் பற்றி இன்னொன்று. முலாம் தொட்டியிலிருந்து எழும் குரோமிக் அமில ஆவி, வேலை செய்பவரின் மூக்கின் நடுச்சுவரையே ஓட்டையாக்கக் கூடியது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுப்போனது. என் வண்டியில் குரோம் பம்பரோடு நிறுத்திக்கொண்டேன். எஞ்சினில் ஒரு பாகத்துக்கும் போடவில்லை.

அசல் நிறம் எது என்று மாணவர்கள் கேட்டார்கள். எஞ்சின் மவுண்டிங்குக்குப் பின்னால், டைனமோ பிராக்கெட்டுக்கு அடியில் பாருங்கள். வெயிலும் எண்ணெயும் படாத பழைய பெயிண்ட் அங்கே கொஞ்சமாவது இருக்கும். அதைப் பார்த்துத்தான் கலந்தேன். டாப்பட் கவருக்குச் சாதாரண எனாமல். '1 3 4 2' எழுதலாம் என்று பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

வண்டியில்தான் வந்திருக்கிறேன். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் முன்பக்கத்தைச் சாய்த்துக் காட்டுகிறேன். எதை வேண்டுமானாலும் தொட்டுப் பாருங்கள், மேனிஃபோல்டை மட்டும் தொடாதீங்க, இன்னும் ஆறியிருக்காது.