கிணறும் பெயர்க்கல்லும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்வாண்டு அறநிதியைக் கொண்டு படுவான்கரையில் இன்னுமொரு கிணறு கட்டுவதென்று செயற்குழுவிலே பேச்சு நடக்கின்றது. நல்ல எண்ணந்தான். எனினும் அதுபற்றிச் சில வார்த்தைகள் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. விழா நாளிலே குறை பேசுகிறானே என்று எண்ணுவோர் பொறுத்தருள வேண்டும்.

வெள்ளம் மட்டக்களப்புக்குப் புதிதன்று. 1957 டிசெம்பர் வெள்ளத்தை நம் பாட்டன்மார் கதை கதையாகச் சொல்லுவர். 2011 சனவரி வெள்ளம் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிற்று. அவர்களுள் பெருந்தொகையினர் நம் மாவட்டத்தவரே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் நேற்று நடந்ததுபோல் இருக்கின்றது. வாவிக்கு மேற்கே உள்ள வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கங்களில் பல ஊர்கள் தாழ்ந்த வயல்வெளிகளை ஒட்டியவை. மேற்கே குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் அந்நீர் வாவியை நாடி இவ்வூர்களுக்கூடாகவே வரவேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தாலோ வடிவதற்கும் நாட் செல்லும். அதே ஊர்களில் ஆவணி புரட்டாதியில் கிணற்றின் அடி தெரியும். தண்ணீர் பவுசரை எதிர்பார்த்துக் குடங்கள் தெருவோரம் வரிசையிற் கிடக்கும்.

அப்படிப்பட்ட ஓர் ஊரில், 2011 வெள்ளத்துக்கு முந்திய ஆண்டு, நாங்கள் ஒரு கிணறு கட்டினோம். அக்காலத்திற் செயற்குழுவில் நானும் ஒருவன். ஆகவே பழியிற் பங்கு எனக்கும் உண்டு. தெருவோரத்தில் இலவசமாகக் காணி கிடைத்தது. சீமெந்து லொறி வந்து போக வசதி. கொங்கிறீற் வளையங்கள் இறக்கி, இடுப்பளவு கட்டும் எழுப்பி, பக்கத்திலே ஆளுயரத் தூண் நிறுத்தி அதில் மன்றத்தின் பெயரும் நன்கொடையாளர் பெயர்களும் பொறித்த கல்லைப் பதித்தோம். நாடா வெட்டினோம், படமும் எடுத்தோம். மாரியில் இவ்விடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அவ்வூரார் எவரையும் நாங்கள் கேட்கவில்லை.

தை மாதம் நிவாரணப் பொதிகளோடு தோணியிற் போனோம். பாடசாலைத் திண்ணையில் ஒதுங்கியிருந்த மூதாட்டி ஒருவர் என்னை அடையாளங் கண்டு, "உங்கட பேர்க்கல்லு மட்டுந்தான் மனே தண்ணிக்கு மேல தெரியுது" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

கட்டைத் தாண்டி வெள்ளம் உள்ளே இறங்கினால் மலசலகூடக் குழியும், மாட்டுப்பட்டியும், வயலுக்கு அடித்த மருந்தும் அதனோடு இறங்குகின்றன. ஒரு கிழமையில் வண்டல் படிந்து நீர் தெளிந்துவிடும். தெளிந்த நீர் நல்ல நீர் என்று நம்பி அள்ளிக் குடித்தவர்களுக்கே வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் வருகின்றன. இறைத்துச் சேறு வாரி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, குளோரின் தூள் கரைத்து ஊற்றி, ஓர் இரவாவது விட்டு, மீண்டும் இறைத்த பின்னரே அது பாவனைக்கு ஆகும். அதற்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு நடப்பதே நன்று.

இதிலும் அவசரம் ஆகாது. சுற்று நிலம் நீரில் ஊறிக் கிடக்கையில் இயந்திரம் வைத்து ஒரே மூச்சாக இறைத்தால், வெளியிலிருந்து ஈரமண் நெருக்கி வளையங்கள் சரிந்துவிடும். 2004 டிசெம்பர் 26 கடல்கோளின் பின்பு எழுவான்கரை மணற்றிடலில் நல்லெண்ணத்தோடு கிணறு இறைக்கப் போனவர்கள் கண்ட அநுபவம் வேறொன்று. அங்கே நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டென்பது கணக்கு. மேலுள்ளதை மட்டுமீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலெழும். உவர் போக்கவென்று இறைத்து இறைத்தே உவரை வரவழைத்த கிணறுகள் உண்டு.

ஆகையால் என் வேண்டுகோள் இது. கிணறு வெட்டுமுன் ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். நாள்தோறும் குடம் சுமப்பவர்கள் அவர்களே. வெள்ளம் எந்தப் படலை மட்டும் வந்தது, கோடையில் எந்த ஊற்று வற்றாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. முதலில் மண்ணிட்டு மேடாக்கி, 2011 வெள்ளத் தழும்புக்கு ஒரு முழமாவது மேலே கட்டு எழவேண்டும். மலசலகூடத்துக்கும் நீர்நிலைக்கும் இடையே 30 மீற்றராவது வேண்டுமென்பது அனைத்துலக நிவாரண நெறி. வேலையைப் புரட்டாதியில், நீர் ஆகக் கீழே நிற்கையில், செய்தல் வேண்டும். மாரியில் வெட்டிய கிணறு கோடையில் ஏமாற்றும். மூடிய கிணற்றில் கைப்பம்பி பூட்டுவதாயின், அதன் வாசர் தேய்ந்தால் மாற்ற அவ்வூர் இளைஞர் இருவரையேனும் பழக்கிவிடவேண்டும். இல்லையேல் ஐம்பது ரூபாச் சாமானுக்காக இலட்ச ரூபாக் கிணறு சும்மா கிடக்கும்.

திங்களூர் அப்பூதியடிகள் வரலாறு நம் சைவ வகுப்புப் பிள்ளைகளும் அறிந்தது. அவர் வைத்த தண்ணீர்ப்பந்தலில் தம் பெயர் இல்லை. தாம் கண்ணாற் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரே இருந்தது. நிதி தருவோரின் பெயரை மலரிலே அச்சிடுவோம், அது நியாயம். கிணற்றடியில் அதற்கென ஒரு தூண் எதற்கு? அந்தச் சீமெந்தைக் கட்டிலே சேர்த்தால் இன்னும் ஒரு சாண் உயர்ந்திருக்கும்.

அந்தப் பழைய கிணறு இன்றும் இருக்கின்றது. குளிக்கவும் மாட்டுக்கு வைக்கவும் மாத்திரம் அள்ளுகிறார்கள். குடிதண்ணீருக்குப் பெண்கள் வெகுதூரம் போகிறார்கள். ஆகவே இவ்வாண்டுப் பணத்தைப் புதுக்கிணற்றுக்கு ஒதுக்காமல், அதன் சுற்றை மண்ணிட்டு உயர்த்தி, கட்டை எழுப்பி, தளமும் வடிகாலும் போடச் செலவிடலாமென்று முன்மொழிகின்றேன். ஏறுவதற்குப் படி வேண்டும். தூணை இடித்து அந்தக் கல்லை முதற்படியாகப் போடலாம். மண் ஏற்ற உழவு இயந்திரம் தர ஓர் அன்பர் இசைந்துள்ளார். புரட்டாதிச் சனிக்கிழமைகளிற் கோயிற் காரியம் முடிந்ததும் புறப்படுவோம். வரக்கூடியவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்; மதியச் சோறு அவ்வூரிலேயே ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.