ராத்திரியில் காலியாகும் மொட்டைமாடித் தொட்டி

மறைமலை நகரில் வாடகைக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சண்டை தெரிந்திருக்கும். நாலைந்து வீட்டுக்கு ஒரே மொட்டைமாடித் தொட்டி. ராத்திரி மோட்டார் போட்டு நிரப்பியாச்சு. காலையில் நைட் ஷிப்ட் முடித்து வருபவர் குழாயைத் திறந்தால் காத்துதான் வருது. யார் இவ்வளவு தண்ணீர் செலவு பண்ணினாங்கன்னு பேச்சு ஆரம்பிக்கும். யாருமே செலவு பண்ணியிருக்க மாட்டாங்க. ஏதோ ஒரு வீட்டு ஃப்ளஷ் டேங்க் ராத்திரி முழுக்க ஓடியிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 2 லிட்டர் கசிந்தால் நாளைக்கு 48 லிட்டர். நகர்ப்புறத்தில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் குடிநீர் வழங்கலுக்கான அளவுகோல். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படியே போகிறது. தண்ணீர் நிரப்பும் வால்வே அடைபடாமல் நின்று நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால், எட்டு மணி நேரத்தில் 960 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி காலி. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைப் பார்த்தவர்கள் நாம்.

தெருக்குழாயில் கசிவு என்றால் 1100-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். டேங்குக்குள் கசிவை நாமதான் பார்க்கணும்.

முதலில், டேங்க் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் விடுங்க. அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ண வேண்டாம். கோப்பையில் நீலம் தெரிந்தால் கசிவு உறுதி. அடுத்து, டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடி, உள்ளே நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்க. மட்டம் இறங்கினால் ஃப்ளஷ் வால்வின் அடி வாஷர் தேய்ந்திருக்கிறது. இறங்கவில்லை, ஆனால் வால்வைத் திறந்ததும் நடுக்குழாய் வழியாக வழிகிறது என்றால் நிரப்பும் வால்வில் கோளாறு. (தனித்தமிழ் வளர்த்த மறைமலை அடிகள் பெயர் கொண்ட ஊரில் இத்தனை இங்கிலீஷா என்று கேட்காதீங்க. ஹார்டுவேர் கடையில் 'மிதவை அடைப்பான்' என்று கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் பார்ப்பார்.)

அடி வாஷர் மாற்றுவது சுலபம். ஆங்கிள் வால்வை மூடி, ஃப்ளஷ் பண்ணி டேங்கைக் காலி செய்யுங்க. மேல் பட்டனைக் கழற்றி மூடியை எடுங்க. கை வைப்பதற்கு முன் செல்போனில் ரெண்டு மூணு போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. எது எந்தப் பக்கம் இருந்தது என்ற குழப்பம் வராது, கடையிலும் காட்டலாம். பல டேங்குகளில் ஃப்ளஷ் வால்வைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் மேலே வந்துவிடும். அடியில் ரப்பர் வளையம் இருக்கும். போர் தண்ணீர் உப்பு படிந்து விறைத்திருக்கும். பழசை மறக்காமல் கடைக்குக் கொண்டுபோங்க. அளவு மாறினால் மறுபடியும் கசியும். வளையம் உட்காரும் இடத்து உப்பைத் துணியால் துடைத்துவிட்டுப் புதுசைப் போடுங்க.

நிரப்பும் வால்வு என்றால், முதலில் மிதவைப் பந்தைக் கழற்றி ஆட்டிப் பாருங்க. உள்ளே தண்ணீர் ஆடினால் பந்து ஓட்டை. பந்து மட்டும் மாற்றினால் போதும். முழு வால்வையே மாற்றும்போது வெளி நட்டைக் கையால் இறுக்குங்க. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பீங்கான் விரிசல் விடும். நீர்மட்டம் நடுக்குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி மிதவையைச் சரி செய்யுங்க. சுவருக்குள் பதித்த டேங்க் என்றால் பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது.

ஒவ்வொரு முறையும் ஆங்கிள் வால்வை மூடித் திறந்து சமாளிக்கும் வீடுகள் நிறைய. கொஞ்ச நாளில் அந்த வால்வே ஒழுக ஆரம்பிக்கும். டேங்குக்குள் குளோரின் மாத்திரை போடுவதும் வேண்டாம், ரப்பர் சீக்கிரம் போய்விடும். வாடகை வீடு என்றால், ஓடும் தண்ணீரை வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்க. வாஷருக்கு ஆகும் காசைவிட மோட்டாருக்கு ஆகும் கரண்ட் அவருக்கு உறைக்கும்.

வேலை முடிந்ததும் நட்டுக்குக் கீழே காய்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்க. காலையில் அதில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்க.